செத்த தோலோடு நின்றால் சரி

ஆஸ்திரேலியர்களில் மூன்று பேருக்கு இருவர், 70 வயதைத் தொடுவதற்குள் ஏதாவது ஒரு வகைத் தோல் புற்றுநோய்க்கு ஆளாகிவிடுகிறார்கள். அந்நாட்டுப் புற்றுநோய் கவுன்சில் நெடுநாளாகச் சொல்லிவரும் கணக்கு இது. பிரிட்டனிலிருந்தும் அயர்லாந்திலிருந்தும் கப்பலேறிப் போனவர்களின் வெளிர்ந்த தோலுக்கும் அந்தக் கண்டத்தின் வெயிலுக்கும் ஒத்துப்போகவேயில்லை. 1981-இல் ஒரு கார்ட்டூன் கடற்பறவை அங்கே தொலைக்காட்சியில் தோன்றி, சட்டை போட்டுக்கொள்ளவும் சன்ஸ்கிரீன் பூசவும் தொப்பி வைக்கவும் சொல்லிப் பாட்டுப் பாட ஆரம்பித்தது. அந்தப் பாட்டைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இப்போது நரை விழுந்துவிட்டது. ஆனாலும் கோடை வந்தால் உடம்பு பழுப்பாகத் தெரிய வேண்டும் என்ற ஆசை அங்கே முழுதாக ஓயவில்லை.

பாட்டுக்கு மசியாத ஆசையோடு மருத்துவர்கள் ஒரு சமரசத்துக்கு வந்தார்கள். பழுப்பு நிறம் வேண்டுமென்றால் கடையில் வாங்கித் தடவிக்கொள்ளுங்கள், கடற்கரையில் போய்க் கிடக்காதீர்கள் என்றார்கள். அமெரிக்கத் தோல் மருத்துவர்களின் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. இன்று லண்டனிலோ டப்ளினிலோ சிட்னியிலோ எந்த மருந்துக்கடைக்குள் நுழைந்தாலும் டேனிங் லோஷனுக்கென்று தனி அலமாரி இருக்கும். நுரையாக வருவது, ஜெல், துடைத்துக்கொள்ளும் தாள், முகத்துக்கான சொட்டு என்று ரகங்களுக்குக் குறைவில்லை. வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி மட்டும் மாறவில்லை: நல்ல தோலில் இதைப் பூசினால் கெடுதல் ஏதும் வருமா?

நம் ஊர் பியூட்டி பார்லர்களின் விலைப்பட்டியலில் ‘டி-டேன்’ இருக்கும், டேன் இருக்காது. வெயிலில் ஏறிய கறுப்பை இறக்கவே இங்கே காசு கொடுக்கிறோம். ஆகவே இந்தக் கேள்வி நமக்கு வேடிக்கையாகப் படலாம். இருந்தாலும், தோலின் நிறத்தை மாற்றித் தருகிறேன் என்று விற்கப்படும் எந்தப் பொருளையும் எடைபோட உதவும் ஓர் அளவுகோல் இந்த லோஷனின் கதைக்குள் இருக்கிறது. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புண், சொறி, வெடிப்பு இல்லாத தோலில், கையால் தடவும் லோஷனாக, இது பெருமளவு பத்திரமான பொருள். அப்படி இருப்பதற்குக் காரணம், அது உயிருள்ள தோலை ஏறக்குறைய எதுவும் செய்வதில்லை என்பதுதான். அந்த எல்லையைத் தாண்டும்போதெல்லாம், அதாவது மூக்குக்குள்ளோ வயிற்றுக்குள்ளோ ஊசிவழி ரத்தத்துக்குள்ளோ நிறத்தைத் தேடிப் போகும்போதெல்லாம், பத்திரம் என்ற சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

முதலில் வெயில் தரும் பழுப்பைப் பார்ப்போம். புற ஊதாக் கதிர் தோலுக்குள் இறங்கி செல்களின் டிஎன்ஏவைச் சேதப்படுத்துகிறது. மெலனினைத் தயாரிக்கும் மெலனோசைட் செல்களை முடுக்கிவிடும் சமிக்ஞைகளில் அந்தச் சேதம் முக்கியமானது. சுரக்கும் மெலனின், செல்லின் உட்கருவுக்கு மேலே குடைபோல் கவிந்து அடுத்த அடியைக் குறைக்கப் பார்க்கிறது. ஆக, கடற்கரையில் கிடந்து வாங்கிய பழுப்பு என்பது அடி விழுந்த பிறகு எழுந்த தற்காப்பு. பிறவியிலேயே நிறைய மெலனின் உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்குக் காப்பு முன்கூட்டியே இருக்கிறது. வெளிர்த்தோல் உடையவர்கள் ஒவ்வொரு கோடையிலும் சேதத்தை விலையாகக் கொடுத்து அதில் கொஞ்சத்தை வாங்குகிறார்கள்.

இந்தச் சேதத்துக்கு ஆரோக்கியக் களை என்று பெயர் வந்தது இருபதாம் நூற்றாண்டில்தான். அதற்கு முன் ஐரோப்பிய மேட்டுக்குடிப் பெண்கள் குடை பிடித்து வெயிலைத் தவிர்த்தார்கள். வயலில் வேலை செய்பவருக்கே கறுத்த முகம் என்பது அங்கேயும் இருந்த எண்ணம். டென்மார்க் மருத்துவர் நீல்ஸ் ஃபின்சென், தோலில் வரும் காசநோய்க்கு ஒளிச்சிகிச்சை கண்டுபிடித்து 1903-இல் நோபல் பரிசு பெற்றார். அதே ஆண்டில் ஸ்விட்சர்லாந்தின் லேசன் மலையூரில் ஆகஸ்ட் ரோலியே காசநோயாளிகளை வெயிலில் படுக்கவைக்கும் மருத்துவமனையைத் தொடங்கினார். வெயில் மருந்தானது. பிறகு ஆலைக்குள்ளும் அலுவலகத்துக்குள்ளும் வேலை செய்பவர்கள் வெளுத்துப்போக, கடலோரம் போய் ஓய்வெடுக்க வசதி உள்ளவர்களுக்குப் பழுப்பு நிறம் அந்தஸ்தின் அடையாளமானது. 1920-களில் கோகோ ஷனேல் பிரெஞ்சுக் கடற்கரையில் கறுத்துத் திரும்பியதுதான் தொடக்கம் என்பார்கள். ஒரு பெண்மணியின் விடுமுறைமேல் இவ்வளவு பழியையும் போடுவது எனக்கு ஒப்பவில்லை. வேலை செய்யும் இடம் மாறியதுதான் பெரிய காரணம்.

வெயிலில்லாத மாதங்களுக்கென்று புற ஊதாக் கதிர் வீசும் மின்விளக்குப் படுக்கைகள் வந்தன. 2009-இல் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை அந்தப் படுக்கைகளைப் புகையிலை, ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் முதல் பிரிவில் சேர்த்தது. மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்பது அந்தப் பிரிவின் பொருள். அதே ஆண்டு பிரேசில் அவற்றை அழகுக்காகப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. மெல்பர்னைச் சேர்ந்த கிளேர் ஆலிவர் 2007-இல் மெலனோமாவால் 26 வயதில் இறந்தார். சாவதற்கு முந்தைய வாரங்களில் அவர் தொலைக்காட்சியிலும் செய்தித்தாள்களிலும் தன் கதையைச் சொல்லி, இந்தப் படுக்கைகளுக்குத் தடை கேட்டார். 2016-ஆம் ஆண்டு தொடங்கியபோது ஆஸ்திரேலிய மாநிலங்கள் அனைத்திலும் வணிகரீதியான டேனிங் படுக்கைகள் தடைபட்டிருந்தன. லோஷனை எடைபோடுகிறவர்கள் தராசின் மறுதட்டில் இதை வைத்துப் பார்க்க வேண்டும். வெறும் தோலோடு இருப்பவரிடம் இந்த லோஷனைப் பூசிக்கொள் என்று யாரும் பரிந்துரைக்கவில்லை. கதிரடி வாங்கியாவது பழுப்பாக நினைப்பவரிடம்தான் சொல்கிறார்கள்.

லோஷன் பிறந்த கதைக்கு அழகோடு தொடர்பில்லை. அமெரிக்காவின் சின்சினாட்டி பல்கலைக்கழகத்தில் 1950-களில் ஈவா விட்கென்ஸ்டைன் என்ற ஆய்வாளர், உடம்பில் கிளைக்கோஜென் தேங்கிவிடும் அரிய பிறவிக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு டைஹைட்ராக்ஸி அசிட்டோன் என்ற சர்க்கரைக் கரைசலைக் குடிக்கக் கொடுத்துவந்தார். குழந்தைகள் அல்லவா, கொஞ்சம் குடித்துக் கொஞ்சம் துப்பினார்கள். கரைசல் பட்ட இடத்தில் சில மணி நேரம் கழித்துத் தோல் பழுப்பானது; துணியில் பட்ட இடமோ அப்படியே இருந்தது. துணியை விட்டுவிட்டுத் தோலில் மட்டும் ஏறுகிற சாயமா என்று வியந்த அவர், தன் தோலிலேயே தடவிப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் நிறம் வந்தது. 1960-இல் ‘சயின்ஸ்’ இதழில் கட்டுரை வெளியானது. அதை ஒட்டியே அமெரிக்கக் கடைகளில் ‘மேன்-டேன்’, ‘க்யூடி’ என்ற பெயர்களில் பூச்சுகள் வந்துவிட்டன. பூசியவர்கள் திட்டுத்திட்டாக ஆரஞ்சு நிறத்தில் திரிந்தார்கள் என்பது அன்றைய கேலி. இன்றைய தயாரிப்புகளில் அந்தச் சர்க்கரையின் அளவைக் குறைத்து, மெதுவாக வேலை செய்யும் எரித்ருலோஸ் என்ற இன்னொரு சர்க்கரையைச் சேர்க்கிறார்கள். ஆரஞ்சு குறைந்திருக்கிறது, உள்ளங்கையைக் கழுவ மறந்தவரை மறுநாள் இன்றும் கண்டுபிடித்துவிடலாம்.

இந்தச் சர்க்கரை, சுருக்கமாக டிஹெச்ஏ, மூன்றே கார்பன் அணுக்கள் கொண்டது. கிளிசரினை ஒருவகை பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து வெள்ளைப் பொடியாக எடுக்கிறார்கள். அதற்கென்று நிறம் கிடையாது. நம் தோலின் ஆக மேலே, உயிர்போய்த் தட்டையாகி ஓடுபோல் அடுக்கப்பட்ட செல்களாலான ஒரு படலம் இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் அதன் தடிமன் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒன்றிரண்டு பங்குதான். அந்தப் படலத்திலுள்ள புரதங்களின் அமினோ அமிலங்களோடு டிஹெச்ஏ வினைபுரிந்து பழுப்பு நிறப் பொருள்களாக மாறுகிறது. பிரெஞ்சு வேதியியலர் லூயி கமீல் மையார் 1912-இல் விவரித்த வினை இது. ரொட்டியின் மேலோடு சிவப்பதும் இதனால்தான். இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் நிறம் தெரியத் தொடங்கி ஒரு நாளில் முற்றும். செத்த செல்கள் உதிர உதிர, ஒரு வாரத்தை ஒட்டி மங்கிவிடும். முழங்கை, முழங்கால், குதிகால் என்று படலம் தடித்த இடங்களில் நிறம் கூடுதலாகப் பிடிப்பதும், குளித்துத் தேய்த்த பின் பூசச் சொல்வதும் இதனால்தான்.

இதைப் படிக்கும் தமிழ் வாசகருக்கு மருதாணி நினைவுக்கு வந்திருக்க வேண்டும். வந்திருந்தால் அது சரியான நினைவுதான். மருதாணி இலையிலுள்ள லாசோன் என்ற பொருளும் மேல்படலத்தின் கெரட்டின் புரதத்தோடு பிணைந்துதான் சிவக்கிறது. அந்தப் படலம் உதிரும்போது அதுவும் போகிறது. உள்ளங்கையில் நன்றாகப் பற்றுவதற்கும் அங்கே படலம் தடிமனாக இருப்பதே காரணம். இந்த உறவை மருத்துவர்களும் கவனித்திருக்கிறார்கள். வெயில் பட்டாலே தோல் வெந்துபோகும் நோயாளிகளுக்காக, டிஹெச்ஏவையும் லாசோனையும் அடுத்தடுத்துப் பூசிப் பார்க்கும் சிகிச்சையை ரமோன் ஃபுசாரோ என்ற அமெரிக்க மருத்துவர் முயன்றார். இதில் ஒரு விசித்திரமும் உண்டு. அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் டிஹெச்ஏவைத் தோலில் பூச அனுமதித்திருக்கிறது. மருதாணிக்கு அங்கே தலைமுடிச் சாயமாக மட்டுமே அனுமதி. பாட்டி அரைத்து வைத்தது அந்நாட்டுச் சட்டப்படி தோலில் பூசக்கூடாத பொருள்! சட்டத்தின் கோணல் என்று சிரிக்கலாம்தான். ஆனால் சீக்கிரம் கறுக்க வேண்டுமென்று முடிச்சாய ரசாயனத்தைக் கலந்து விற்கும் ‘கறுப்பு மருதாணி’ குழந்தைகளின் கையில் கொப்புளம் கிளப்பியதைப் பார்த்த மருத்துவர்கள் அவ்வளவு எளிதாகச் சிரிக்க மாட்டார்கள்.

டிஹெச்ஏ உண்மையிலேயே செத்த படலத்தோடு நின்றுவிடுகிறதா? பெரும்பகுதி நிற்கிறது. ஒரு சிறு பங்கு கீழே உயிருள்ள அடுக்குகள் வரை இறங்குவதை ஆய்வகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ரத்தத்துக்குப் போகக்கூடியது அதிலும் சொற்பம். அந்தச் சிறு பங்கு என்ன செய்யும் என்பதில்தான் வாதம். 2004-இல் டென்மார்க் ஆய்வாளர்கள், தட்டில் வளர்த்த தோல் செல்களின்மேல் நேரடியாக டிஹெச்ஏவைச் சேர்த்தபோது டிஎன்ஏ சேதமும் செல்சாவும் தெரிந்தன. இந்த ஒரு முடிவை வைத்துக்கொண்டு ‘டேனிங் லோஷனால் புற்றுநோய்’ என்று தலைப்புப் போட்டவர்கள் உண்டு. தட்டிலிருந்த செல்களுக்கு மேலே காப்பாகச் செத்த படலம் இல்லை. நம் தோலில் இருக்கிறது. வேறொரு பக்கம், எலிகளின் தோலில் நெடுநாள் தடவிப் பார்த்த சோதனை 1984-இல் வெளியானது. அதில் கட்டிகள் தோன்றவில்லை. டிஹெச்ஏவின் பாஸ்பேட் வடிவம் நம் செல்கள் குளுக்கோஸை உடைக்கும்போது தினமும் உண்டாகிற ஒன்று என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உடம்பு முன்பின் பார்த்திராத பொருள் அல்ல.

இவற்றையெல்லாம் பரிசீலித்துத்தான் ஐரோப்பிய ஒன்றியத்தின் நுகர்வோர் பாதுகாப்புக்கான அறிவியல் குழு, டேனிங் பூச்சுகளில் 10 சதவீதம் வரை டிஹெச்ஏ இருக்கலாம் என்று 2020-இல் கருத்துச் சொன்னது; மறு ஆண்டு அது ஒழுங்குமுறையாகவே வந்தது. அமெரிக்காவில் சதவீத உச்சவரம்பு கிடையாது. உதடு, கண்ணைச் சுற்றிய பகுதி, உடம்பின் ஈரச்சவ்வு உள்ள இடங்கள் இவற்றைத் தவிர்த்து வெளிப்பூச்சாகப் பயன்படுத்தலாம் என்பதே அங்குள்ள அனுமதி. செத்த படலம் இல்லாத அல்லது மெலிந்த இடங்கள் அவை என்பதைக் கவனியுங்கள். படை, எக்ஸிமா உள்ளவர்கள், அன்றுதான் சவரமோ வேக்ஸிங்கோ செய்தவர்கள் பூசக்கூடாது என்பதும் அதே தர்க்கத்தில் வருவது. அவர்களிடம் அந்த வேலி சிதைந்திருக்கிறது.

தோல் அரித்துச் சிவந்துபோனால் பெரும்பாலும் குற்றவாளி டிஹெச்ஏ அல்ல. கூடவே கலந்திருக்கும் வாசனைப் பொருளோ பதப்படுத்தியோதான். முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பார்ப்பது வீண்போகாத பழக்கம். பழைய புட்டி வேண்டாம் என்பதற்குத் தனிக் காரணம் இருக்கிறது. வெப்பத்தில் நாள்பட இருந்தால் டிஹெச்ஏ சிதைந்து ஃபார்மால்டிஹைடு உண்டாகும். அது நன்கறியப்பட்ட ஒவ்வாமைப் பொருள். எனக்குள்ள குறை வேறு. வாங்குகிறவருக்கு ஒரு புட்டியில் எத்தனை சதவீதம் டிஹெச்ஏ இருக்கிறது என்று தெரிய வேண்டும். பல புட்டிகளில் ‘லைட்’, ‘மீடியம்’, ‘டார்க்’ என்றுதான் அச்சிட்டிருக்கிறது. வரம்பைச் சட்டமாக எழுதிவிட்டு எண்ணை மட்டும் மறைக்கவிடுவது என்ன நியாயம்?

இதுவரை பேசியது கையால் தடவும் லோஷன். ஸ்ப்ரே கூடம் என்பது வேறு விவகாரம். ஒரு சின்ன அறைக்குள் நிற்கவைத்து டிஹெச்ஏ கரைசலை மூடுபனியாக உடம்பு முழுக்க அடிக்கிறார்கள். ஐந்தாறு நிமிடத்தில் வேலை முடிகிறது, திட்டு விழுவதில்லை, கல்யாணத்துக்கும் நடனப் போட்டிக்கும் போகிறவர்கள் அதைத்தான் விரும்புகிறார்கள். மூடுபனி தோலில் மட்டும் இறங்காதே! கண்ணில், உதட்டில், மூக்குவழி நுரையீரலில் எல்லாம் படியும். நுரையீரலின் உட்சுவருக்குச் செத்த படலம் கிடையாது. வெளிப்பூச்சுக்குக் கொடுத்த அனுமதி இந்தக் கூடங்களுக்குப் பொருந்தாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் வெளிப்படையாகவே சொல்கிறது. ஆபத்து நிரூபணமாகிவிட்டது என்று அது சொல்லவில்லை. பத்திரம் என்று காட்டும் தரவுகளை யாரும் தங்களிடம் கொண்டுவந்து தரவில்லை என்கிறது. கண்ணுக்குக் கவசம், உதட்டுக்கும் மூக்குக்கும் மூடி கேளுங்கள் என்று வாடிக்கையாளருக்கு அறிவுரையும் சொல்கிறது. ஐரோப்பியக் குழுவின் 2010-ஆம் ஆண்டுக் கருத்து வேறுமாதிரி: கூடத்தில் 14 சதவீதம் வரை அடித்தாலும் நுகர்வோருக்கு ஆபத்தில்லை என்றது.

அந்த வாக்கியத்தில் நுகர்வோர் என்ற சொல்லுக்கு வெளியே ஒருவர் நிற்கிறார். எப்போதாவது ஒருமுறை வந்து ஐந்து நிமிடம் நிற்பவர் நுகர்வோர். காலையிலிருந்து மாலைவரை, கோடைக்காலச் சனிக்கிழமைகளில் ஆள்மாற்றி ஆளாக அடித்துக்கொண்டிருக்கும் பார்லர் பெண் யார் கணக்கில் வருகிறார்? அழகுப் பொருள் சட்டங்கள் வாங்குபவரை மனதில் வைத்து எழுதப்படுபவை. தொழிலாளியின் மூச்சு அவற்றின் பக்கங்களில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவருக்கு நோய் வந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆண்டுக்கணக்கில் அந்த மூடுபனியைச் சுவாசிப்பவர்களைப் பின்தொடர்ந்து பார்க்கும் செலவை இந்தத் தொழில் ஏற்க வேண்டும் என்கிறேன். அதுவரை ஒரு முகக்கவசமும் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் விசிறியும் சட்டக் கட்டாயமாக இருந்தால் எந்த பார்லரும் நொடித்துப்போகாது.

லோஷனின் அடுத்த சிக்கல் வேதியியலில் இல்லை, பூசிக்கொண்டவரின் நம்பிக்கையில் இருக்கிறது. உடம்பு பழுப்பாகிவிட்டால் வெயில் தாங்கும் என்று ஒரு நினைப்பு. டிஹெச்ஏ தரும் நிறத்துக்கு, வெயில்காப்பை அளக்கும் எஸ்பிஎஃப் கணக்கில் மூன்று, நான்கு தேறினால் அதிகம். அதுவும் சில மணி நேரமே. பரிந்துரைக்கப்படும் சன்ஸ்கிரீன் 30-இல் தொடங்குகிறது. அமெரிக்காவில் இப்படிப்பட்ட பூச்சில் சன்ஸ்கிரீன் சேர்க்கப்படாவிட்டால், இது வெயிலிலிருந்து காக்காது என்ற எச்சரிக்கையைப் புட்டியில் அச்சிட்டே ஆக வேண்டும். இன்னொரு செய்தியும் உண்டு. 2008-இல் வெளியான ஒரு ஜெர்மன் ஆய்வில், 20 சதவீத டிஹெச்ஏ பூசிய தோல் மாதிரிகளைப் புற ஊதாக் கதிரில் காட்டியபோது, பூசாத தோலைவிட 180 சதவீதத்துக்கும் மேல் கூடுதலாக, செல்லைச் சேதப்படுத்தும் ஃப்ரீ ரேடிக்கல்கள் உருவாயின. 20 சதவீதம் என்பது இன்றைய ஐரோப்பிய வரம்பைப்போல் இரு மடங்கு. வீட்டில் பூசும் லோஷனுக்கு அப்படியே பொருத்த முடியாது. இருந்தாலும் பூசிய மறுநாள் கடற்கரைக்குப் போகாதே என்ற அறிவுரைக்கு இது போதும். வெயிலில் கிடக்காமலிருக்க வாங்கிய பொருளைப் பூசிக்கொண்டு வெயிலில் போய்க் கிடப்பவர்களை எந்த எச்சரிக்கை வாசகமும் தடுப்பதில்லை, அது வேறு.

மாத்திரைகளையும் ஊசிகளையும் இந்த லோஷனோடு சேர்த்துப் பேசுவதே தவறு, ஆனால் இணையக் கடைகளில் ஒரே பக்கத்தில்தான் விற்கிறார்கள். கேந்தாசாந்தின் என்ற நிறமி, வளர்ப்பு சால்மன் மீனுக்குச் சிவப்பேற்றத் தீவனத்தில் கலப்பது. அதை அதிக அளவில் மாத்திரையாக விழுங்கினால் தோலடிக் கொழுப்பில் படிந்து நிறம் தரும். விழித்திரையிலும் மஞ்சள் துகள்களாகப் படியும். மெலனோடான் இன்னும் மோசமான கதை. மெலனோசைட்டைத் தூண்டும் ஹார்மோனைப் போலச் செய்து, வெயிலில்லாமலே உண்மையான மெலனினைச் சுரக்கவைக்க முடியுமா என்று அமெரிக்காவின் அரிசோனா பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆராய்ச்சி அது. அதில் ஒரு கிளை நல்ல மருந்தாகவே முடிந்தது: வெளிச்சம் பட்டாலே துடித்துப்போகும் ஓர் அரிய நோய்க்கு, தோலுக்கடியில் வைக்கும் மருந்தாக ஐரோப்பாவில் 2014-இலும் அமெரிக்காவில் 2019-இலும் அனுமதி பெற்றது. மற்றொரு கிளையான மெலனோடான்-2 எந்த அனுமதியும் இல்லாமல் ஊசிப்பொடியாகவும் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரேயாகவும் சமூக ஊடகங்கள் வழியே இளைஞர்களிடம் போகிறது. மச்சங்கள் கறுத்து உருமாறுகின்றன. எது மெலனோமா, எது மருந்தின் வேலை என்று மருத்துவருக்கே குழப்பம். பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் திரும்பத் திரும்ப எச்சரித்தும் சந்தை அடங்கவில்லை.

இப்போது நம் பக்கம் வருகிறேன். அவர்கள் கறுக்க ஆசைப்படுகிறார்கள், நாம் வெளுக்க ஆசைப்படுகிறோம், இரண்டும் ஒரே பைத்தியம் என்று சமன்செய்து பேசுவது வழக்கம். சமூகவியல் பார்வையில் அது எப்படியோ, உடலியல் பார்வையில் அந்தச் சமன் செல்லாது. தோலைக் கறுக்கவைப்பதைச் செத்த படலத்திலேயே முடித்துக்கொள்ளலாம். வெளுக்கவைப்பதை அங்கே முடிக்க முடியாது. நிறம் தயாராவது கீழே, உயிருள்ள செல்லில். பவுடர் பூசி மறைப்பதை விட்டுவிட்டால், நிறத்தைக் குறைக்கிறேன் என்று சொல்லும் எந்தப் பொருளும் ஒன்று அந்தச் செல்லின் வேலையை முடக்க வேண்டும், அல்லது மெலனின் மேலே வரும் வழியை மறிக்க வேண்டும், அல்லது தோலை உரிக்க வேண்டும். உள்ளே போகாமல் வேலை நடக்காது. எனவே ‘வெளிப்பூச்சுதானே’ என்ற ஆறுதல், டேனிங் லோஷனுக்குப் பெருமளவு பொருந்தும். சிவப்பழகு கிரீமுக்குப் பொருந்தாது.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. கேரளத்தின் மலப்புறம் மாவட்டம் கோட்டக்கல்லில் 2021-க்கும் 2023-க்கும் இடையில், சிறுநீரகத்தின் வடிகட்டிச் சவ்வு தடித்துப் புரதம் கசியும் நோயோடு 22 பேர் மருத்துவமனைக்கு வந்தார்கள். அவர்களில் 15 பேரிடம் அந்நோயின் ஓர் அரிய வகை தெரிந்தது. அந்த 15 பேரில் 13 பேர் நோய் தொடங்குவதற்கு முன் சிவப்பழகு கிரீம் பூசிவந்தவர்கள். கிரீம்களில் பாதரசம் இருந்தது. பாதரசம் மெலனின் தயாரிக்கும் நொதியை முடக்குகிறது, முகம் வெளுக்கிறது, அங்கிருந்து ரத்தத்தில் கலந்து சிறுநீரகத்துக்குப் போகிறது. இரண்டு மருத்துவர்கள் கேள்வி கேட்டு, கிரீம் டப்பாக்களைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்திராவிட்டால் காரணம் தெரியாத சிறுநீரக நோய் என்றே எழுதப்பட்டிருக்கும்.

பாதரசம் கள்ளச்சரக்கு. ஸ்டீராய்டு கிரீம் அப்படியல்ல, தெருமுனை மருந்துக்கடையிலேயே கிடைப்பது. பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் போன்றவை எக்ஸிமா மாதிரியான தோல் அழற்சிகளுக்கு மருத்துவர் சில நாளுக்கு எழுதித் தரும் நல்ல மருந்துகள். பக்கத்து வீட்டு அக்கா பூசி வெளுத்தாள் என்று கேட்டு வாங்கி மாதக்கணக்கில் முகத்தில் தடவினால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்திய மறுவாரமே முகம் நெருப்பாய் எரியும். எரிச்சல் தாங்காமல் மீண்டும் அதே டியூபை எடுப்பார்கள். 2018-இல் மத்திய அரசு இந்த வகைக் கிரீம்கள் பலவற்றைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத எச் அட்டவணைக்குள் கொண்டுவந்தது. கடைக்காரர் சீட்டுக் கேட்கிறாரா என்பதை வாசகர்கள் தங்கள் தெருவிலேயே பார்த்துக்கொள்ளலாம்.

டேனிங் பூச்சு நம் ஊரில் அறவே இல்லாததும் அல்ல. ஆணழகன் போட்டி மேடைக்குப் பின்னால் போய்ப் பார்த்தால் தெரியும்: பிறவியிலேயே மாநிறமான இளைஞர்கள்கூட மேடை விளக்கில் தசையின் வரிகள் எடுப்பாகத் தெரிய வேண்டுமென்று உடம்பு முழுக்கக் கரும்பழுப்புப் பூசி நிற்பார்கள். போட்டி நாளில் மட்டும் பூசுவது, அடுத்த வாரம் போய்விடுகிறது. அதைப் பற்றிக் கவலைப்பட ஒன்றுமில்லை. உள்ளே போகும் பொடிகளையும் ஊசிகளையும் பற்றித்தான் அவர்களுடைய பெற்றோர் கவலைப்பட வேண்டும்.

இந்தப் பொருளால் உண்மையில் பயன்பெறக்கூடியவர்கள் வேறு. வெண்புள்ளி உள்ளவர்களுக்கு அந்தத் திட்டில் மெலனோசைட் இல்லை. தோலின் மற்ற வேலைகளெல்லாம் ஒழுங்காகவே நடக்கின்றன, செத்த படலமும் உண்டு. ஆகவே டிஹெச்ஏ அங்கே பிடிக்கும். வழக்கமான மறைப்புப் பூச்சு வியர்வையில் கரைந்து சட்டைக் காலரில் ஒட்டும். இது ஒட்டாது, குளித்தாலும் உடனே போகாது. தோல் மருத்துவர்கள் பல நாடுகளில் இதைப் பரிந்துரைத்துவருகிறார்கள். திட்டின் ஓரத்தைத் தாண்டாமல் மெல்லிய தூரிகையால் பூச வேண்டும். சுற்றியுள்ள நிறத்துக்கு ஒத்துவரும்வரை சில நாள் திரும்பப் பூச வேண்டும். பிறகு வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். நோயை இது குணமாக்காது, ஒளிச்சிகிச்சை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் பூசவும் கூடாது. வெளியே கிளம்பும்போது அதன்மேல் சன்ஸ்கிரீன் பூசிக்கொண்டுதான் போக வேண்டும், ஏனென்றால் அந்த இடம் பார்க்கப் பழுப்பாக இருந்தாலும் வெயிலுக்கு இன்னமும் வெள்ளைத் திட்டுத்தான்.